வட்டத்தின் கணக்கு: குறோசே பின்னலின் வரலாறு

தொப்பி, கூடை, மேசை விரிப்பு என எதைப் பின்னத் தொடங்கினாலும் குறோசேக் கலையில் முதலில் அமைய வேண்டியது தட்டையான ஒரு வட்ட அடியாகும். அடி பிழையானால் அதன்மேல் எழுவன அனைத்தும் பிழையாகும். உள்ளங்கையளவான இவ்வட்டத்தின் பின்னே பஞ்சமும் புலப்பெயர்வும் கலந்ததொரு வரலாறு உண்டு. அவ்வரலாறு நாம் வாழும் மொன்றியல் மாநகரையும் தொட்டுச் செல்கின்றது.

'குறோசே' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொளுக்கி என்பது பொருள். இக்கலை மிகத் தொன்மையானதன்று. இப்பெயருடன் செய்முறை அச்சேறியது 1823ஆம் ஆண்டில், 'பெனலோப்பே' என்னும் ஒல்லாந்துச் சஞ்சிகையில் ஆகும். நாம் வழங்கும் 'றேந்தை' என்ற சொல்லோ இதனினும் பழையது. போர்த்துக்கேயரின் 'றெண்டா' என்பதிலிருந்து வந்தது. இலங்கையின் தென்கரையில், காலிப் பகுதியில், சிறு மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் 'பீரலு' றேந்தை இன்றும் உண்டு.

குறோசே ஏழைகளின் கைக்கு வந்தது அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தின் போதாகும். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதேயளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். கோர்க் பகுதியில் கன்னியாஸ்திரிகளும், குளோன்ஸ் ஊரில் 1847 முதல் மதகுருவின் மனைவி கசண்ட்றா ஹாண்ட் அம்மையாரும் பெண்களுக்குக் குறோசே கற்பித்தனர். பழைய றேந்தைக்குத் தலையணையும் கட்டைகளும் வேண்டும். குறோசேக்கோ ஓர் ஊசியும் நூலும் போதும். வட்டப் பூக்களும் இலைகளும் தனித்தனி வீடுகளில் பின்னப்பெற்றுப் பின்னர் ஒன்றாக இணைக்கப்பட்டன. அவ்வருவாயில் குடும்பங்கள் உயிர் தப்பின.

அதே 1847இல் அயர்லாந்து அகதிகளை ஏற்றிய கப்பல்கள் சென் லோறன்ஸ் நதி வழியாக வந்தன. மொன்றியலின் புவான் சென் சார்ல் கரையோரக் கொட்டகைகளில் காய்ச்சலுக்கு ஆயிரக்கணக்கானோர் பலியாகினர். அவர்களைப் பராமரித்த சாம்பல் அங்கிக் கன்னியாஸ்திரிகள் சிலரும் நகர முதல்வர் ஜோன் ஈஸ்ரன் மில்ஸும் அதே நோய்க்கு உயிர் துறந்தனர். விக்டோரியாப் பாலத்தைக் கட்டிய தொழிலாளர் 1859இல் அங்கே நிறுவிய கருங்கல், 6,000 பேர் இறந்ததாகக் கூறுகின்றது. அகதிகளின் கல்லறை எதுவென நம் பிள்ளைகள் கேட்டால், பாலத்தடியிலுள்ள அக்கல்லைக் காட்டலாம்.

தமிழ் மண்ணிலும் இத்தகைய வரலாறு உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்கள் பாடசாலையில் கட்டை றேந்தையைக் கற்பித்தார். அடிமைக் குடும்பங்களிற் பிறந்த பெண்கள் சிலர் அவ்வருவாயைக் கொண்டு விடுதலை பெற்றனர். அவர் மகள் எலைசா, மொழியறிஞர் கால்டுவெலின் துணைவியாராகி, அதே தொழிலை இடையன்குடியில் பரப்பினார். ஆந்திரத்தின் நரசாப்பூரில் வேரூன்றியதோ குறோசேயே. அங்கு உலகச் சந்தைக்காகப் பின்னிய பெண்கள் தொழிலாளராக மதிக்கப்படாது 'வீட்டில் இருக்கும் பெண்கள்' என்றே கருதப்பட்டதை ஜேர்மனிய அறிஞர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இனி வட்டத்தின் கணக்கைக் காண்போம். ஆரம் ஓர் அலகு கூடும்போது சுற்றளவு 44/7 அலகு, அதாவது ஆறுக்குச் சற்று மேலாகக் கூடும். வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் இது மாறாது. மிகக் குட்டையான தையலின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். எனவே சுற்றுக்கு 6 கண்களைக் கூட்டுதல் வேண்டும்: 6, 12, 18, 24, 30 என வளரும். உயரம் இருமடங்கான தையலுக்கு 12 கூட்டுதல் வேண்டும். குறைத்துக் கூட்டினால் அடி கிண்ணமாய்க் குழியும். மிகைத்துக் கூட்டினால் ஓரம் அலையலையாய்ச் சுருளும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்திற் கூட்டினால் வட்டம் அறுகோணமாகும். ஆதலால் இடத்தை மாற்றிக் கூட்டுவர். அலையும் ஓரம் பயனற்றதன்று. லத்வியாவிற் பிறந்த கணித ஆசிரியை டைனா தைமினா, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல் அத்தகைய பின்னலைக் கொண்டே அதிபரவளையத் தளத்தை மாணவர்க்கு விளக்கினார்.

தொப்பிக்கும் இதே கணக்குத்தான். தலையின் சுற்றளவு 56 சென்ரிமீற்றர் எனின், அடியின் விட்டம் ஏறத்தாழ 18 வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, கூட்டாமற் பின்னிச் சென்றால் சுவர் எழும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். ஊரில் நாம் கற்றவை பிரித்தானியப் பெயர்கள். இங்குள்ள ஆங்கிலப் புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்களைக் கையாள்கின்றன. பிரித்தானியர் 'டபிள் குறோசே' என்பது அமெரிக்கருக்குச் 'சிங்கிள் குறோசே'. பிரித்தானியரின் 'றெபிள்' அமெரிக்கருக்கு 'டபிள்'. ஆகவே 12 கண்களுடன் தொடங்கும் அமெரிக்க வட்டத்தை ஊர்ப் பழக்கப்படி குட்டைத் தையலிற் பின்னினால் அது சுருளும். குறை கையிலன்று, பெயரிலேயே உள்ளது. பிரெஞ்சுப் புத்தகத்தில் இக்குழப்பம் இல்லை: குட்டைத் தையல் 'மாய் செரே', நெடுந்தையல் 'பிறிட்'.

வீட்டையும் காணியையும் ஆவணங்களையும் இழந்து வந்தோர் நாம். ஆயினும் சோதனைச் சாவடி எதனாலும் பறிக்க இயலாதது கையறிவு. அதை எழுத்தில் வைக்காது விட்டால் ஒரு தலைமுறையோடு அது மறையும். நம் தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் இன்றே கேட்டு எழுதி வைப்போம். மகளுக்கும் மகனுக்கும் அந்த ஆறு கண்களின் கணக்கைக் கற்பிப்போம். அவ்வுழைப்பு விலைக்குச் செல்லுமாயின், அதற்குரிய கூலியைக் கேட்கவும் தயங்காதிருப்போம்.