காட்டுத் தீவும் காயல் தீவும்

விளம்பரப் படங்களில் அந்தமானின் ஹேவ்லாக்கும் லட்சத்தீவின் அகத்தியும் உடன்பிறந்தவை போலிருக்கும். இரண்டிலும் வெண்மணல், தென்னை, பச்சையும் நீலமுமாய்க் கடல். ஆனால் பிறப்பிலேயே இவை வேறு வேறு.

2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக், மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் நீண்டு ஆங்காங்கே தலைநீட்டும் முகடுகளில் ஒன்று. அகத்தியோ, அமிழ்ந்துபோன எரிமலை மேட்டின்மீது பவள உயிர்கள் கட்டி எழுப்பிய சுண்ணாம்புத் திட்டு. கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டரே உயரம். லட்சத்தீவின் 36 தீவுகளையும் கூட்டினாலும் நிலம் 32 சதுர கிலோமீட்டர்தான். ஹேவ்லாக் ஒன்றே அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் நான் ஹேவ்லாக்கைத்தான் சொல்வேன். ராதாநகர் கடற்கரையில் மழைக்காட்டு நெடுமரங்கள் மணல்விளிம்புவரை வந்து நிற்கின்றன. மேற்கு பார்த்த கரை என்பதால் மாலை வெயில் அவற்றின் அடிமரம்வரை பாய்கிறது. ராதாநகர், கோவிந்தநகர் என்ற ஊர்ப்பெயர்கள் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்கள் இட்டவை. ஒருகாலத்தில் மரம் இழுத்து, பிறகு கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் யானை 2016இல் இறக்கும்வரை இங்கேதான் வாழ்ந்தது.

கடலுயிர் பார்க்க அகத்தி. ஹேவ்லாக்கிலும் பவளம் உண்டு, ஆழத்தில் மூழ்கிப் பார்க்கப் பயிற்சி நிலையங்களும் உண்டு. ஆனால் அந்தமான் நீரில் உவர்நீர் முதலைகள் இருப்பதால், சொன்ன இடத்தில் மட்டுமே இறங்கவேண்டும். அகத்தியின் காயலைப் பவளத்திட்டு அரணாகக் காக்கிறது. அலை வெளியிலேயே உடைந்துவிட, ஆழமற்ற தெளிந்த நீரில் பேராமைகள் கடற்புல் மேய்வதைப் பார்க்கலாம்.

பயணிக்கு இனிப்பான அந்தக் காட்சி மீனவருக்குக் கசப்பு. ஆமைகள் பெருகிப் புல்லை வேரோடு மேய்ந்துவிட்டதால், அதில் ஒதுங்கி வளரும் மீன்களும் குறைந்தன. அகத்தியில் புல் தீர்ந்ததும் ஆமைக்கூட்டம் அடுத்தடுத்த தீவுகளின் காயல்களுக்கு நகர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆமையைக் காக்கத்தான் வேண்டும். வலையில் மீன் குறைந்தவர்களின் முறையீட்டையும் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி இரு பகுதிகளிலும் பவளம் வெளுத்தது. பவளம் மடிந்தாலும் ஹேவ்லாக்கில் மலையும் காடும் நிற்கும். அகத்திக்கோ அலையைத் தடுக்கும் சுவரும் கரைக்கு மணல் தரும் ஊற்றும் பவளமே. தீவின் குடிநீர்கூட உப்புநீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கும் மழைநீர்தான். அதைக் கூட்டம் கூட்டமாய் வந்து உறிஞ்சினால் கிணறுகள் உவர்த்துவிடும். லட்சத்தீவுக்குப் போக முன்அனுமதி கேட்பதைப் பலர் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது மிக நியாயமாகவே படுகிறது. அனுமதியும் தங்குமிடமும் கிடைக்காதவர்கள் ஹேவ்லாக் போகலாம். இந்தியருக்கு அங்கே அனுமதிச்சீட்டு தேவையில்லை, சென்னையிலிருந்து அந்தமானுக்கு நேரடி விமானமும் இருக்கிறது.