விட்டவையும் விடாதவையும்



தன்னல மறுப்பு என்றவுடன் காடும் காவியுடையுமே நம் நினைவுக்கு வருகின்றன. வீட்டைத் துறந்தவர் உலகையும் துறந்தவராவார். அவரால் பிறர்க்கு ஆவதொன்றில்லை என எண்ணுவோரும் உளர். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை நம் நாட்டுப் பெரியார் ஒருவரின் வரலாறு கொண்டு ஆராய்வோம்.

கிழக்கிலங்கையின் காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு பிறந்தவர் மயில்வாகனனார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் அமர்ந்தார். கற்றவர் விரும்பும் பதவியும் மதிப்பும் அவரிடம் இருந்தன. அவற்றை 1922 இல் விடுத்து, சென்னையிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924 இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். பெற்றோர் இட்ட பெயரும் அவரை விட்டு நீங்கிற்று.

இனி, அவர் விடாதவை யாவை என நோக்குவோம். தமிழை விட்டாரல்லர், கற்ற கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் விட்டாரல்லர், பள்ளிப் பிள்ளைகளையும் விட்டாரல்லர். இலங்கைக்கு மீண்டு, மிஷன் பாடசாலைகளைப் பேணி வளர்த்தார். 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. தமக்கென வேண்டாத பதவியைத் தமிழின் பொருட்டு ஏற்றார்.

வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து மீட்கும் பணியிலே அவர் பல்லாண்டு உழைத்தார். அப்பணிக்கு அவர் கற்ற கணிதமும் கைகொடுத்தது. உடல்நலம் குன்றிய காலத்தும் முயற்சி குன்றவில்லை. 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே ‘யாழ்நூல்’ திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19 ஆம் நாள் அடிகள் மறைந்தார். அவர் பேணிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவரது சமாதி அமைந்துள்ளது.

நேயர்களே, விட்டவற்றை மட்டும் கணக்கிட்டால் துறவு வெறும் இழப்பாகவே தோன்றும். விட்டது எதன்பொருட்டு என வினவும்போதே அதன் பொருள் விளங்கும். ‘எனது’ என்பதை ஒருவர் சுருக்க, ‘நமது’ என்பது பெருகுகின்றது. நாம் அனைவரும் காவி உடுத்தல் வேண்டுவதில்லை. நமக்கென வைத்த ஒரு நாழிகைப் பொழுதை அயல்வீட்டுப் பிள்ளையின் கல்விக்கு ஈதலும் தன்னல மறுப்பேயாகும். அதனை இன்றே தொடங்கலாம்.