லயத்து அடுப்பிற் கோழிச்சாறு: கந்தப்பளைத் தோட்டப்புறம் பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

மலையகத் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குடிப்பெயர்வு, கங்காணிமுறை, கூலி, தொழிற்சங்கம், குடியுரிமை ஆகியவற்றைப் பற்றிப் பெருமளவு எழுதியுள்ளனர். அம்மக்கள் நோயுற்றபோது யார், எதை, எவ்வாறு சமைத்துக் கொடுத்தனர் என்னும் வினா அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. அடுப்படி வரலாற்றுக்குப் புறம்பானது என்னும் எண்ணம் நம் ஆய்வுலகிலே நெடுங்காலம் நிலவியமையே இதற்குக் காரணம் எனலாம்.

இக்குறிப்பிலே நாம் எடுத்துக்கொள்வது ஒரு கலயம் கோழிச்சாறு. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் விழுந்து எழுந்தவருக்கும் லயத்துக் காம்பராக்களிற் காய்ச்சிக் கொடுக்கப்பட்டது அது. சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்திய ஒரு கடமையின் பெரும்பகுதியை நடைமுறையிலே லயத்துப் பெண்களே தம் கோழியையும் தம் உழைப்பையும் கொண்டு நிறைவேற்றி வந்தனர் என்பதே நாம் இங்கு நிறுவ முனையும் கருத்தாகும்.

கந்தப்பளை நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது. நானுஓயாவிலிருந்து இராகலை வரை 1903-04இல் அமைக்கப்பட்ட சிறு இருப்புப்பாதையில், 6,300 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்த கந்தப்பளை நிலையமே இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாக விளங்கியது. 1940களில் அப்பாதை மூடப்பட்டது. கோர்ட்லொட்ஜ், கொன்கோர்டியா, பார்க், ஹெதர்செட் முதலிய தோட்டங்கள் இப்பகுதியைச் சார்ந்தவை. பனியும் ஈரக்காற்றும் நீங்காத இக்குளிரில், மழையில் நனைந்தபடி கொழுந்தெடுத்துத் திரும்புபவளுக்குச் சூடான நீராகாரம் உடலின் அடிப்படைத் தேவையாகும்.

சாறு காய்ச்சும் முறையை மூத்த பெண்டிர் நன்கறிவர். முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழியை எலும்போடு சிறு துண்டுகளாக வெட்டி, மஞ்சள் தடவிக் கழுவுவர். மிளகு, சீரகம், கொத்தமல்லி, இஞ்சி, உள்ளி ஆகியவற்றை அம்மியில் அரைத்து, தட்டிய சின்ன வெங்காயத்தோடு நீரிற் கரைத்து அடுப்பேற்றுவர். பத்தியச் சாறாயின் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ப்பதில்லை. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து தலைச்சுமையாகக் கொணர்ந்த மிலாறே விறகு. கந்தப்பளையின் உயரத்தில் நீர் 100 பாகை சதமத்திற் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலால் முற்றிய கோழி வேகச் சமவெளியிலும் கூடிய நேரம் செல்லும். விறகும் கூடுதலாக வேண்டும். பெரட்டுக்கு விடியுமுன் செல்லவேண்டிய ஒருத்தி மாலையில் மலையிறங்கி வந்தபின் இவ்வேலையைத் தொடங்கினாள் என்பதை மனங்கொண்டால், ஒரு கலயம் சாற்றில் அடங்கியுள்ள உழைப்பு எத்தகையது என்பது புலப்படும்.

இம்முறை இம்மலையிற் பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டிலே திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் கொணரப்பட்ட மக்கள் தம்முடன் எடுத்துவந்த உடைமைகள் மிகச் சில. பத்தியம் பற்றிய அறிவு அவற்றுள் ஒன்று. அதற்குப் பெட்டியும் வேண்டியதில்லை. கங்காணியின் துண்டும் வேண்டியதில்லை. வந்த இடத்திலே அது சிறிது மாறவும் செய்தது. கந்தப்பளை பிற்காலத்தில் மரக்கறிச் செய்கைக்குப் பெயர்பெற்ற ஊராயிற்று. ஆகவே கரட்டும் லீக்சும் லயத்துச் சாற்றில் இடம்பெற்றன. அவை சேர்ந்தபோது சாறு 'சூப்பு' என்னும் பெயரையும் பெற்றது.

இவ்விடத்து மற்றொரு சாற்றையும் ஒப்புநோக்குதல் தகும். ஆங்கிலேயர் விரும்பி அருந்திய 'முல்லிகட்டானி' என்னும் சூப்பின் பெயர் 'மிளகுத்தண்ணீர்' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபாகும். 1784ஆம் ஆண்டளவிலேயே அச்சொல் ஆங்கில எழுத்தில் இடம்பெற்றுவிட்டது. கோழியிறைச்சி சேர்ந்த அச்சூப்பு காலனிய உணவு மேசைகளிற் பரிமாறப்பட்டது. ஆங்கிலச் சமையல் நூல்களிற் செய்முறையாகப் பதிவும் பெற்றது. அதன் மூலமான சாற்றை அடுப்பிற் காய்ச்சிய பெண்ணைப் பற்றி அந்நூல்கள் எதுவும் கூறுவதில்லை. ஆளும் வர்க்கத்தின் உணவு ஏட்டில் ஏறுவதும் உழைப்போரின் உணவு வாய்வழக்காகவே நின்றுவிடுவதும் இங்கு மட்டும் நிகழ்ந்தவை அல்ல.

கோழியின் பொருளாதார நிலையையும் நோக்குதல் வேண்டும். லயம் தோட்டத்துக்குரியது, அதைச் சுற்றிய நிலமும் தோட்டத்துக்குரியது. பத்துக்குப் பன்னிரண்டு அடியளவினதான காம்பராவில் வாழ்ந்த குடும்பத்திற்கு வேலையுள்ளவரையே கூரை இருந்தது. இந்நிலையிலே இஸ்தோப்பின் ஓரத்திற் கூட்டில் அடைத்த இரண்டு மூன்று கோழிகள் அக்குடும்பத்தின் மெய்யான சொத்துகளுள் அடங்கின. அச்சொத்தின்மீது பல உரிமைகள் போட்டியிட்டன: முனியாண்டிக்கு நேர்ந்த சேவல், விருந்தாளிக்கு அடிக்கும் கோழி, அவசரத்துக்கு விற்கும் கோழி, பிள்ளைப்பேற்றுக்கென ஒதுக்கிய கோழி. மருமகள் முழுகாமல் இருக்கும்போதே ஒரு பெட்டையைக் குறித்து வைத்து, வேறு எதற்கும் தொடாமற் காக்கும் மாமியாரின் செயல் ஒருவகை ஈட்டுறுதியாகும். கூலி அளிக்காத பாதுகாப்பைக் கோழி அளித்தது.

இனிச் சட்டத்தை நோக்குவோம். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் தொடர்பாக 1872ஆம் ஆண்டு முதலே இலங்கையிற் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் சட்டம் நம் பொருளுக்கு முக்கியமானது. தோட்டத்திற் பிள்ளைபெறும் பெண் தொழிலாளிக்குப் பிரசவத்தின் பின் ஒரு மாத காலம் போதிய உணவும் உறைவிடமும் வழங்குவது தோட்டத்துரையின் கடமை என அது விதித்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் ஊட்டமும் கிடைப்பதை உறுதிசெய்யும் பொறுப்பும் அவருடையதே. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் பணக்கொடுப்பனவை உரிமையாக்கியது.

'போதிய உணவு' என்னும் தொடர் சிந்தனைக்குரியது. போதுமானது எது என்பதை முடிவுசெய்தவர் கூலி கொடுப்பவரே. செக்ரோல் ஏடுகளிலும் தோட்டக் கணக்குகளிலும் அரிசி உண்டு, முற்பணம் உண்டு, கோழி இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் உள்ளியும் சேர்ந்த சூடான சாறு வேண்டும் என்பதை அறிந்தவர்கள் மாமியார், தாய், அயற்காம்பராப் பெண், மருத்துவிச்சி ஆகியோரே. சட்டத்தின் சொல்லுக்கும் பெண்ணின் வயிற்றுக்கும் இடையிலிருந்த வெளியை இவர்கள் நிரப்பினர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக நிர்ணயிக்கப்பட்டன. அப்பெண் வீட்டிற் செய்த வேலைக்கு அக்கணக்கில் ஒரு சதமும் இல்லை. உழைப்புச் சக்தியை மீளுருவாக்கும் செலவின் ஒரு பகுதியை மூலதனம் இவ்வாறு குடும்பத்தின்மீதும், குடும்பத்துக்குள்ளே பெண்ணின்மீதும் சுமத்தியது.

எனினும் இச்சாற்றைப் புகழ்ந்து அமைதிகாண்பது ஆய்வாளருக்குப் பொருந்தாது. கோழிச்சாறு ஆறுதல் தரும் என்பதைப் பல சமூகங்கள் கண்டறிந்துள்ளன. 12ஆம் நூற்றாண்டிலே எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடெஸ் நோயாளருக்கு அதனை விதந்துரைத்தார். சீனத்திலும் பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சி சேர்ந்த கோழிச்சாறு வழங்கும் வழக்கம் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்காப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, அழற்சியோடு தொடர்புடைய வெண்குருதிக் கலங்களின் நகர்வைக் கோழிச்சாறு ஆய்வுகூடத்திற் குறைத்தமையைக் காட்டியது. எனினும் அது மனிதரிற் செய்த பரிசோதனையன்று. சாறு தருவன நீரும் உப்பும் சூடும். புரதத்தின் பெரும்பகுதி இறைச்சியிலேயே தங்கிவிடுகிறது. தோட்டப் பெண்களை நெடுங்காலம் வாட்டிய குருதிச்சோகையை ஒரு கலயம் சாறு போக்கமாட்டாது. கொக்கிப்புழு நோய்க்கு எதிராக 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு இலங்கையில் இயக்கம் தொடங்கப்பட்டபோது, மலகூட வசதியின்மை அந்நோய் பரவும் முக்கிய காரணமாகக் கொள்ளப்பட்டது. அத்தகைய குறையை அடுப்படியில் நின்று தீர்த்தல் இயலாது. கோழியின் ஈரலைப் பிள்ளை பெற்றவளுக்கென எடுத்துவைத்த கிழவியின் அறிவு மெய்யானதே. ஈரலில் இரும்புச்சத்து மிகுதி. ஆனால் ஒரு கோழிக்கு ஈரல் ஒன்றுதான்.

இச்சிறு காப்பு எவ்வளவு நொய்தானது என்பதை நெருக்கடிக் காலங்கள் காட்டின. 1973-74இல் உணவுப் பங்கீடு வெட்டப்பட்டு விலைகள் உயர்ந்தபோது, பயிரிடச் சொந்த நிலமற்ற தோட்ட மக்களிடையே பட்டினி மரணங்கள் நிகழ்ந்தன. மனிதருக்கே தானியமில்லாத வீட்டிற் கோழிக்கு இரை ஏது? விற்கக்கூடிய பொருளாக எஞ்சிய கோழி முதலில் வீட்டைவிட்டு நீங்கியிருக்கும் எனக் கொள்வது பொருந்தும். 2022இன் பொருளாதார நெருக்கடியிலும், அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்தபோது, கோழியும் முட்டையும் உழைக்கும் மக்களுக்கு எட்டாப் பொருள்களாயின. 1975இல் அரசு கம்பனித் தோட்டங்களைப் பொறுப்பேற்றது. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியாரிடம் சென்றது. 2021இல் 1,000 ரூபாவாக விதிக்கப்பட்ட நாட்கூலி 2024இல் 1,350 ரூபாவாயிற்று. முகாமை மாறியது, கூலியின் இலக்கம் மாறியது. நோயாளியின் சாற்றுக்கான செலவு யாருடையது என்னும் வினா மாத்திரம் பழைய இடத்திலேயே நிற்கின்றது.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்டது. அதன் பழைய இயந்திரப் பாகங்கள் காண்போர் வியக்குமாறு பேணப்பட்டுள்ளன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவ்வியந்திரத்திற்குக் கொழுந்து கொணர்ந்த கைகளை மறுநாளும் மலையேறச் செய்த அடுப்புக்கு அத்தகைய பேணுநர் எவருமிலர். மூத்த பெண்டிரிடம் சென்று, எந்தக் கோழி, எவ்வளவு மிளகு, யாருக்கு ஈரல், யாருக்கு வெறுஞ்சாறு என்று கேட்டு எழுதிவைக்கும் பணி காலந்தாழ்த்தாது செய்யப்படவேண்டியது. அவர்கள் கூறும் விடைகள் சமையற் குறிப்புகளாக மட்டும் அமையா. கூலிப் பட்டியலில் ஒருபோதும் ஏறாத உழைப்பின் கணக்காகவும் அமையும்.