பரம்பரையின்மேல் எழுதப்பட்ட குற்றம்
சேலம், நாமக்கல் சமவெளியின் குறவரும் 1911ஆம் ஆண்டுச் சட்டமும்

குற்றம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவை நீதிமன்றம் கேட்கிறது; உளவியலும் கேட்கிறது. பாவத்தையும் மன்னிப்பையும் போதிக்கிற திருச்சபை அவ்வினாவைத் தட்டிக் கழிக்க இயலாது. ஆங்கில ஆட்சி அதற்கு ஒரு விடை கண்டது. சில மக்களின் குருதியிலும் குலத்திலுமே குற்றம் உறைந்துள்ளது என்பதே அவ்விடை. சென்னை மாகாணத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் அது சட்டமாக நின்றது. அதன் சுமையைத் தாங்கியவர்களுள் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்ந்த குறவர் குறிப்பிடத்தக்கவர். அவர்களுடைய வரலாற்றில் மிஷனெரி இயக்கத்திற்கும் ஒரு பங்குண்டு. ஆதலின் அதனை நாம் ஆராய்வது தகும்.

1. தொழில் இழந்த வணிகர்

குறவருள் பல பிரிவினர் தாம் விற்ற பொருளாலேயே பெயர் பெற்றனர். உப்பு விற்றவர் உப்புக் குறவர். இஞ்சி விற்றவர் இஞ்சிக் குறவர். கறிவேப்பிலை விற்றவரும் அவ்வாறே அழைக்கப்பட்டனர். கடற்கரையில் உப்பை ஏற்றிக்கொண்டு, பொதிமாடுகளுடன் உள்நாட்டுக்கு வந்து, ஊர் ஊராக அதைக் கொடுத்துத் தானியம் பெற்றுச் செல்வது அவர்களுடைய பிழைப்பு. கடலினின்று வெகு தொலைவிலுள்ள சேலம் சமவெளிக்கு இவ்வணிகர் இன்றியமையாதவராயிருந்தனர். மூங்கில் பின்னுதல், காட்டுப்பொருள் சேகரித்தல் முதலியனவும் அவர்களுடைய துணைத்தொழில்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இப்பிழைப்பைப் படிப்படியாக அழித்தது. உப்பு 1805 முதல் சென்னை மாகாணத்தில் அரசின் தனியுரிமையாயிற்று. 1860களின் தொடக்கத்தில் இருப்புப்பாதை சேலம் வழியாக மேல்கடற்கரை வரை சென்றது. பொதிமாடு சுமந்ததை இரயில் வண்டி சுமக்கலாயிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கொடிய சேதமடைந்தது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்தொன்பது லட்சத்திற்கு மேலிருந்த மக்கள்தொகை, 1881இல் ஏறக்குறைய பதினாறு லட்சமாகக் குறைந்தது. மனிதரே மடிந்த அக்காலத்தில் பொதிமாடுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம், காட்டுப்பொருளை நம்பி வாழ்ந்தோர்க்குக் காட்டின் வாயிலை அடைத்தது.

பிழைப்பிழந்தவருள் சிலர் களவில் இறங்கினர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. களவு கொடுத்த குடியானவனின் இழப்பும் மெய்யானதே. ஆயினும் அரசின் பார்வை விபரீதமாக மாறியது. தொழிலற்று அலைந்தவனைத் தொழிலற்றவன் என்று அது காணவில்லை. அலைதலையே குற்றத்தின் அடையாளமாகக் கொண்டது. 1892இல் முல்லலி என்னும் காவல்துறை அதிகாரி சென்னை மாகாணத்துக் குற்ற வகுப்பினரைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலில் குறவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. வணிகராக அறியப்பட்டவர் இவ்விதம் காவல்துறையின் ஏட்டில் புகுந்தனர்.

2. சட்டத்தின் ஏற்பாடு

குற்றப் பரம்பரைச் சட்டம் முதன்முதல் 1871இல் வட இந்தியாவிற்காக இயற்றப்பட்டது. 1911ஆம் ஆண்டின் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கைரேகை பதியப்பட்டமையால் மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். அதன்படி ஒரு குலத்தையோ குழுவையோ குற்றப் பரம்பரை என அரசு அறிவிக்கலாம். அவ்வறிவிப்பின் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் வினவ இயலாது. பதிவு செய்யப்பட்டவன் குறித்த நேரங்களில் அதிகாரியின் முன் தோன்ற வேண்டும். இருப்பிடம் மாறினால் அறிவிக்க வேண்டும். சந்தேகத்திற்குரிய நிலையில் காணப்பட்டால் மூன்றாண்டு வரை சிறை. குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையெனில் ஆயுள் முழுவதும் நாடுகடத்தல். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பள்ளிகளில் வைக்கவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது.

சாதாரணக் குற்றவியல் சட்டம், நீ என்ன செய்தாய் என்று கேட்கிறது. இச்சட்டமோ, நீ யாருக்குப் பிறந்தாய் என்று கேட்டது.

3. உளவியலின் தீர்ப்பு

இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ, குற்றவாளி பிறவியிலேயே அவ்வாறு அமைந்தவன் என்றும், அவன் உடற்கூறுகளே அதைக் காட்டும் என்றும் 1876இல் எழுதினார். அந்நூலுக்கு ஐந்தாண்டுகள் முன்பே இந்தியாவில் முதற்சட்டம் பிறந்துவிட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இங்கே மண்டையோட்டை அளக்கத் தேவையிருக்கவில்லை, சாதியே அளவுகோலாயிற்று. தச்சன் மகன் தச்சனாவதுபோலக் கள்வன் மகன் கள்வனாவான் என்று சட்டத்தை ஆதரித்தோர் வாதித்தனர். சாதிமுறையில் ஊறிய சமுதாயத்திற்கு அவ்வாதம் அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆனால் அறிவியல் அவ்வாதத்தோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் ஏறக்குறைய மூவாயிரம் கைதிகளை மற்றவரோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு இல்லை என்பதை 1913இல் வெளியிட்டார். அமெரிக்காவில் ஃபிராங்க் டானன்பாம் 1938இலும், ஹோவர்ட் பெக்கர் 1963இலும் வேறொரு உண்மையைச் சுட்டினர். ஒருவனைக் கெட்டவன் என்று சமுதாயம் மீண்டும் மீண்டும் குறித்து, தனிமைப்படுத்தி, கண்காணிக்கும்போது, அப்பெயருக்கு ஏற்றவனாகவே அவன் ஆகிவிடக்கூடும் என்பதே அது. குறவரின் நிலைக்கு இது பெரிதும் பொருந்தும். பதிவேட்டில் உள்ளவனுக்கு எவர் வேலை தருவார்? சந்தைக்குச் செல்லவும் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டியவன் எவ்வாறு வணிகம் செய்வான்? குற்றத்தைத் தடுக்க எழுந்த சட்டம், நேர்மையாய்ப் பிழைக்கும் வழிகளை அடைத்து நின்றது.

4. மிஷன்களின் பங்கு

இச்சட்டத்தின்கீழ்க் குடியிருப்புகளை நடத்த அரசு மிஷன்களை நாடியது. இரட்சணிய சேனை இதில் முன்னின்றது. சிவில் சேவைப் பதவியைத் துறந்து சேனையில் சேர்ந்த பூத்-டக்கர், குற்றத்தை நோயாகவும் தம் பணியை மருத்துவமாகவும் கருதி, 'கிரிமினோகியூராலஜி' என்னும் பெயரில் ஒரு நூலே எழுதினார். ஆந்திரப் பகுதியில் சீதாநகரம், ஸ்டுவர்ட்டுபுரம் ஆகிய இடங்களில் சேனையும், காவலியில் அமெரிக்க பாப்திஸ்து மிஷனும் குடியிருப்புகளை நடத்தின.

இப்பணியை முற்றும் இழித்துரைப்பது நீதியன்று. குணப்படவே இயலாதவர் என்று பிறர் கைவிட்டோரைக் குணப்படுத்தலாம் என்று மிஷனெரிகள் நம்பினர். பள்ளியும் மருத்துவமும் நிலமும் அவர்களால் சிலருக்குக் கிடைத்தன. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. அரசு இட்ட பெயரை அவர்கள் வினவாமல் ஏற்றனர். சபையின் மேய்ப்பனே குடியிருப்பின் மேலாளனுமானான். ஆராதனைக்கு அழைத்தவனே வருகைப் பதிவையும் எடுத்தான். ஸ்டுவர்ட்டுபுரத்தார் சீராலாவின் புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலையாட்களாயினர். எல்லாவற்றினும் வருந்தத்தக்கது ஒன்று: ஒருவன் ஞானஸ்நானம் பெற்றுப் புதுச்சிருஷ்டியானான் என்று சபை அறிக்கையிட்ட பின்பும், பதிவேட்டினின்று அவன் பெயரை நீக்கும் அதிகாரம் அரசு அதிகாரியிடமே இருந்தது.

5. நீக்கமும் எச்சமும்

1947இல் சென்னை மாகாணம் இச்சட்டத்தை நீக்கியது. அக்காலத்து உள்துறை அமைச்சர் டாக்டர் ப. சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்தவர். இதே சமவெளியின் மைந்தர். இந்தியா முழுவதற்கும் 1952 ஆகஸ்டு 31இல் அது நீங்கியது. ஆனால் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர், ஆத்தூர் மேல்நாடு குறவர், ஆத்தூர் கீழ்நாடு குறவர் என்னும் பெயர்களைக் காணலாம். பழைய தண்டனைப் பட்டியல் இன்று சலுகைப் பட்டியலாயிற்று. ஐயமோ முற்றும் நீங்கவில்லை. 1993இல் கடலூர் வட்டாரத்துக் கம்மாபுரத்தில் திருட்டு ஐயத்தில் பிடிக்கப்பட்ட குறவர் ஒருவர் காவலில் இறந்ததை, 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படத்தின் வழியே பலரும் அறிவர். படம் அவரை இருளராகக் காட்டிற்று. 2024 அக்டோபர் 3இல் உச்சநீதிமன்றம், சிறைவிதிகளில் எஞ்சியிருந்த சாதிப் பாகுபாடுகளையும், சீர்மரபினரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக எண்ணும் போக்கையும் கண்டித்துத் தீர்ப்பளித்தது. சட்டம் நீங்கி எழுபதாண்டுகளுக்குப் பின்னும் அத்தீர்ப்பு தேவைப்பட்டது.

6. இறையியல் நோக்கு

இச்சட்டத்தின் அடியிலிருந்தது, பாவத்தைப் பற்றிய ஒரு தவறான கோட்பாடாகும். ரோமர் நிருபம் பாவத்தை மனுக்குலம் முழுவதற்கும் உரியதாகக் கூறுகிறது. சட்டமோ அதைச் சில குடும்பங்களுக்கு மட்டும் உரிமையாக்கியது. சிலரைப் பிறவிப் பாவிகள் என ஒதுக்கிய சமுதாயம், தன்னை நீதியுள்ளதென எண்ணிக்கொள்ள வழி கண்டது. பரிசேயனின் ஜெபம் இங்கே அரசாணையாக மாறியது எனலாம். பிதாக்களின் குற்றத்தைப் பிள்ளைகளின்மேல் ஏற்றும் வழக்கை எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் ஆணித்தரமாக மறுக்கிறது. பிறவிக்குருடனின் குறைக்கு அவன் பெற்றோரின் பாவத்தைக் காரணமாகத் தேடிய சீஷரையும் நம் ஆண்டவர் திருத்தினார்.

சகேயுவின் நிகழ்ச்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஊரார் அவனைப் பாவி என்றே அறிந்தனர். இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டிலே தங்கினார். தான் அநியாயமாய்ப் பெற்றதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சகேயு ஒப்புக்கொண்டான். தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்றான். பின்னர் ஆண்டவர் அவனையும் ஆபிரகாமின் குமாரன் என்றார். சட்டம் பரம்பரையைக் காட்டி ஒருவனைக் குற்றவாளியாக்கிற்று; கிறிஸ்துவோ குற்றவாளிக்கு அவன் இழந்த பரம்பரையைத் திருப்பித் தந்தார். செயலுக்குப் பொறுப்பும் பிறப்புக்கு மதிப்பும் அங்கே ஒருங்கே நிற்கின்றன.

சிறைப்பணிக்குச் செல்லும் போதகரும் இறையியல் மாணவரும் இவ்விரண்டையும் பிரிக்காமல் பற்றிக்கொள்ள வேண்டும். கைதியிடம் அவன் செய்ததைப் பற்றி உண்மையாய்ப் பேசுவது நம் கடமை. அவனுடைய சாதியிலும் ஊரிலும் அவன் குற்றத்திற்கு விளக்கம் தேடுவது நம் வேலையன்று. சீர்மரபினர் வாழும் ஊர்களில் பணியாற்றும் சபைகள், ஓர் இளைஞன் ஐயத்தின்பேரில் பிடிக்கப்படும்போது, காவல் நிலையத்தின் வாயிலில் அவன் குடும்பத்தோடு நிற்கத் துணிய வேண்டும். நற்சான்று கேட்டு வருபவனை அவன் குலம் கருதித் திருப்பி அனுப்பலாகாது. அன்று வருகைப் பதிவேட்டைக் கையில் பிடித்த திருச்சபைக்கு, அவனுடைய சாட்சியாய் நிற்பதே இன்று தக்க மனந்திரும்புதலாகும்.