ஜான் ஹாலண்டின் ஆறு வகைகள்

பத்தாம் வகுப்பில் நிறைய மார்க் வாங்கிய பிள்ளையோடு வரும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “எதைக் கொடுத்தாலும் படிச்சிடுவான் சார். எதுல சேர்க்கலாம்?” படிப்பு ஆலோசகனாக இந்தக் கேள்வியை எதிர்கொள்ளும்போதெல்லாம் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் நினைவுக்கு வருவார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் ராணுவத்தில் இருந்தார். சேர வரும் ஆட்களிடம் அதுவரை பார்த்த வேலைகளை விசாரித்து, எந்தப் பிரிவுக்கு அனுப்பலாம் என்று குறித்துவைக்கும் பொறுப்பு. எத்தனை பேர் வந்தாலும் அவர்கள் சொல்லும் கதைகள் சில வகைகளுக்குள் அடங்கிவிடுவதை அங்கேதான் கவனித்தார். 1959-இல் அது கோட்பாடாக வெளிவந்தது. மனிதர்களில் ஆறு வகை, வேலைச் சூழல்களிலும் அதே ஆறு வகை. கருவிகளோடு புழங்குகிறவர், ஆராய்கிறவர், கலைமனம் கொண்டவர், பிறருக்குக் கற்றுத்தந்து உதவுகிறவர், பேசி இணங்கவைத்துக் காரியம் நடத்துகிறவர், கணக்கையும் கோப்பையும் ஒழுங்காக வைத்திருக்கிறவர். யாரும் முழுக்க ஒரே வகையில் நிற்பதில்லை; இரண்டு மூன்று கலந்தே இருக்கும்.

அப்போது அவர் வேலை பார்த்த இடம் முக்கியமானது. நேஷனல் மெரிட் உதவித்தொகை நிறுவனம் 1955-இல் தொடங்கி, நாடு முழுவதும் தேர்வு வைத்து மிகச் சிறந்த பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துவந்தது. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போனது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து அறிவியல் பக்கம் திருப்பவேண்டும் என்று பள்ளி ஆலோசகர்களுக்கு அரசு பணம் ஒதுக்கியது. நாட்டுக்கு எஞ்சினியர் வேண்டும், ஆகவே நீ எஞ்சினியர் ஆகு என்ற அந்த அவசரம் எனக்குப் புதிதல்ல. நம் வீடுகளில் நாடு இருந்த இடத்தில் குடும்பம் இருக்கிறது, அவ்வளவே.

அந்தப் பதற்றத்தின் நடுவில்தான் ஹாலண்ட் மெரிட் மாணவர்களை ஆராய்ந்தார். 1961-இல் அவர் வெளியிட்ட முடிவு துணிச்சலானது: அறிவியலிலோ கலையிலோ சொந்தமாக ஒன்றைப் படைத்துக் காட்டுவதற்கும் மதிப்பெண்ணுக்கும் சொல்லும்படியான தொடர்பில்லை. எல்லோருமே உச்சத்தில் இருக்கும் கூட்டத்தில் மார்க் எப்படி வித்தியாசம் காட்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் என் எதிரே வந்து உட்காரும் பிள்ளைகளும் அந்தக் கூட்டம்தானே. அவர்களுக்கு வழிகாட்ட மார்க்கை மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

1970-களின் தொடக்கத்தில், மாணவர் தானே நிரப்பித் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் சோதனையை அவர் கொண்டுவந்தார். உலகம் முழுக்கப் பரவியது அதுதான். நான் கொடுக்கும் படிவமும் அந்த வழியில் வந்தது.

எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது வேறொரு காரணத்தால். 1968-இல் ஒரு சக ஆய்வாளரோடு சேர்ந்து, அதற்கு முன்பே தான் உருவாக்கியிருந்த வேறொரு சோதனையையே அவர் பரிசோதித்தார். கல்லூரியில் சேர்ந்த மாணவர்கள் பிறகு எந்தத் துறையைத் தேர்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதில், “நீ என்ன ஆக நினைக்கிறாய்?” என்ற நேரடிக் கேள்விக்குக் கிடைத்த பதில் அந்தச் சோதனையைவிட நன்றாகப் பலித்தது. அதை மறைக்காமல் அச்சிட்டார்.

அதைப் படித்த பிறகு என் வேலையின் வரிசை மாறியது. படிவம் கொடுக்கும் முன் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, என்னவாக ஆசை என்று பிள்ளையை எழுதச் சொல்கிறேன். அந்த நேரத்தில் பெற்றோர் வெளியே இருக்கவேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.