கட்டத் துணியும் புள்ளலூர்க் களமும்

காஞ்சிக்கு வடகிழக்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவிலுள்ள புள்ளலூர், வரலாற்றில் பலமுறை போர் கண்ட ஊர். முதலாம் மகேந்திரவர்மன் தன் தலையாய பகைவரை அங்கே அழித்தான் என்று இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. பகைவர் பெயரைச் செப்பேடு சொல்லவில்லை. இரண்டாம் புலிகேசியே என்பது அறிஞர் துணிபு. 1780 செப்டம்பர் 10 அன்று அதே ஊர்ப்புறத்தில் ஐதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையொன்றை முற்றாக அழித்ததையும் நம் பாடநூல்கள் இரண்டொரு வரியில் சொல்லிச் செல்கின்றன. அப்படையில் நின்ற ஒரு சாரார் தம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ஒரு துணியின் வரலாற்றைச் சுமந்து வந்தவர்கள் என்பது மட்டும் நெசவூரில் வாழும் நம் செவிக்கு எட்டாமலே போயிற்று.

அத்துணி ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் 'டார்ட்டன்'. கம்பளி நூலைச் சாய்வரி விழ நெய்வது. பாவில் எந்த வரிசையில் நிறங்கள் ஓடுகின்றனவோ அதே வரிசை ஊடையிலும் ஓடும். இரண்டும் சந்திக்குமிடத்தில் கட்டம் பிறக்கும். நம் தறிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொட்டடியும் 'பாலும் பழமும்' கட்டமும் இந்த அறிவிலிருந்தே பிறந்தவை. சென்னைக் கட்டத் துணி டார்ட்டனைப் பார்த்து நெய்யப்பட்டது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. பாவும் ஊடையும் உள்ள இடமெல்லாம் கட்டம் தானே தோன்றும். அதற்கு ஆசிரியர் வேண்டா.

1688-இல் அரியணை இழந்த இரண்டாம் ஜேம்ஸின் வழியினரே அரசாள வேண்டும் என்று போராடியோர் ஜேக்கபைட்டுகள் எனப்பட்டனர். 1745-இல் இளவரசர் சார்லஸ் எட்வர்டின் பின்னே மலைநாட்டார் பலர் திரண்டனர். அவர்களது போர்முறை எளியது: அருகே வரும்வரை பொறுத்து, ஒருமுறை சுட்டு, துப்பாக்கியை எறிந்துவிட்டு, வாளும் கேடயமுமாகப் பாய்வது. பிரஸ்டன்பான்ஸில் அது வென்றது. 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் சதுப்புவெளியில் பீரங்கிக் குண்டுகளும் கட்டுப்பாடான துப்பாக்கி வரிசைகளும் அதனை ஒரு மணி நேரத்திற்குள் முடித்துவைத்தன. வென்றவர்கள் அத்துடன் அமையவில்லை. மலைநாட்டு ஆடவர் தம் மரபுடை உடுத்தலாகாது எனச் சட்டம் இயற்றினர். முதல் குற்றத்திற்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் உடுத்தினால் ஏழாண்டு நாடுகடத்தல். ஒரே விலக்கு, அரசனின் படையில் சேர்ந்தவர்களுக்கு. தன் துணியை உடுத்த விரும்பும் மலைநாட்டான், தன்னைத் தோற்கடித்தவனுடைய படைவீரனாக வேண்டும்!

இந்தக் கொடிய விலக்கின் வழியேதான் புள்ளலூர்க் கதை வருகிறது. தந்தையுடன் 1745 கிளர்ச்சியில் இறங்கிய இளைஞர் மக்லியோட் பிரபு, கல்லோடனுக்கு முந்தைய நாள் பிடிபட்டார்; மன்னிப்புப் பெற்றுச் சுவீடன் நாட்டுப் படையில் பல்லாண்டு பணிபுரிந்தார். பின்னர் தாயகம் திரும்பி, எந்த அரசகுலத்தை எதிர்த்தாரோ அதற்காகவே 73-ஆம் மலைநாட்டுப் படையைத் திரட்டினார். அது 1780 சனவரியில் சென்னையில் வந்திறங்கியது. ஊரில் உடுத்தினால் சிறை, சீருடையாக உடுத்தினால் சம்பளம் என்ற நிலை அப்போதும் மாறவில்லை.

அவ்வாண்டு சூலையில் ஐதர் கருநாடகத்துள் பெரும்படையுடன் புகுந்தார். சர் ஹெக்டர் மன்றோ காஞ்சியில் பாளையமிறங்கினார். குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை அவருடன் சேர வேண்டும். மன்றோவும் பெய்லியும்கூட மலைநாட்டு மண்ணினரே. செப்டம்பர் 6 அன்று பெரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கவே, மன்றோ கர்னல் பிளெட்சரின் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை உதவிக்கு அனுப்பினார். 73-ஆம் படையின் இரு கம்பெனிகள் அதில் இருந்தன. தாமே முழுப்படையுடன் விரைந்து செல்லாததற்குக் காரணம், காஞ்சிக் கோயிலில் சேமித்திருந்த அரிசியைக் காக்க வேண்டும் என்பது. கோயில் நெற்களஞ்சியம் ஒரு படையின் விதியை முடிவு செய்தது வேறெங்கும் நடந்திருக்குமா!

பத்தாம் நாள் காலை ஐதரின் பீரங்கிகளும் மைசூர் ஏவுகணைகளும் பெய்லியின் படையைச் சூழ்ந்தன. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. எஞ்சியோர் சதுரமாக நின்று குதிரைப்படையைப் பலமுறை தடுத்தனர். முடிவில் பெய்லி சரணடைந்தார். கல்லோடனில் பீரங்கி முன் மாண்டவர்களின் அடுத்த தலைமுறை, இங்கே பீரங்கி முன் அணிகுலையாமல் நின்று மாண்டது. மன்றோ பீரங்கியொலி கேட்டும் காலத்தில் வந்து சேரவில்லை. காஞ்சிக்குத் திரும்பி, கனத்த பீரங்கிகளை இங்குள்ள பெரிய குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியே சென்னைக்குப் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று ஐர் கூட்டும் ஐதரும் அதே களத்தில் மீண்டும் மோதினர்.

சிறைப்பட்டோர் ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டு செல்லப்பட்டனர். பெய்லி 1782-இல் அங்கேயே இறந்தார். 73-ஆம் படையின் காப்டன் டேவிட் பெயர்டு 1784 வரை விலங்கில் கிடந்தார். அவர்கள் சிறையிலிருந்தபோதே, 1782-இல், பிரிட்டன் நாடாளுமன்றம் ஆடைத் தடையை நீக்கியது. நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 1822-இல், நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில் மன்னரே டார்ட்டன் உடுத்தினார். குலத்துக்கு ஒரு கட்டம் என்று இன்று விற்கப்படும் மரபில் பெரும்பகுதி அதன்பின் வகுக்கப்பட்டதே. கல்லோடனில் ஜேக்கபைட்டுகளுக்கு அடையாளம் தொப்பியிலிருந்த வெள்ளை நாடாப்பூ, கட்டம் அன்று. மரபு என்று கைகாட்டும் முன் அதன் வயதைக் கேட்பது கவிஞர்க்கும் நன்று.

தோற்றவர்கள் பாட்டிலும் துணியிலும் தம் தோல்வியைக் காத்துக்கொண்டனர். வென்ற மைசூரார் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூரை ஓவியமாக்கினர். பெய்லி பல்லக்கில் இருக்க, சுற்றிலும் செந்நிறச் சட்டைகள், நடுவே வெடிக்கும் வண்டி. அவ்வோவியத்தின் வேறொரு பிரதி 2022-இல் இலண்டன் ஏலத்தில் ஆறு இலட்சத்து முப்பதாயிரம் பவுனுக்கு விலைபோயிற்று.

நம் பக்கம்? தேசிங்குக்குக் கதைப்பாடல் உண்டு. கான் சாகிபுக்கும் உண்டு. புள்ளலூருக்கு அவ்வாறு ஊரறிந்த பாட்டு ஒன்றில்லை. ஆனால் பெய்லியின் படையில் மிகப் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். பெயர்டின் வரலாறு நூலாயிற்று. பெய்லிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் எழுந்தது. புள்ளலூர் வயல்வெளியில் வெள்ளையதிகாரிகளின் நினைவுத்தூண்கள் நிற்கின்றன. சிப்பாய்களின் பெயர் பொறித்த கல் அங்கே இல்லை.