சிறுவயதில் புற்றுநோய், இளவயதில் சீனி வருத்தம்: குணமானவர்கள் கவனிக்க வேண்டியவை

பிள்ளையின் புற்றுநோய் குணமாகிவிட்டது என்று வைத்தியர் சொன்னதும், பல குடும்பங்கள் கிளினிக் செல்வதை நிறுத்திவிடுகின்றன. ஆனால் சிகிச்சையின் சில பின்விளைவுகள் பத்து, இருபது வருடங்கள் கழித்தே தெரியவருகின்றன. சீனி வருத்தம், உயர் குருதி அழுத்தம், கூடிய கொலஸ்ட்ரோல், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு போன்ற அனுசேபக் கோளாறுகள் அவற்றுள் முக்கியமானவை.

ஏன் வருகின்றன?

சிறுவர்களிடம் அதிகம் காணப்படுவது குருதிப் புற்றுநோய். நோய் மூளைக்குப் பரவாதிருக்க முன்னர் பல பிள்ளைகளுக்குத் தலையில் கதிர்வீச்சு வழங்கப்பட்டது. இன்று அது பெருமளவு தவிர்க்கப்படுகிறது. அக்கதிர்வீச்சு பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியையும் கபச்சுரப்பியையும் பாதிக்கலாம். வளர்ச்சி ஹோர்மோன் குறைந்தால் தசை குறைந்து கொழுப்பு கூடும். வயிற்றுப் பகுதிக்கு வழங்கப்படும் கதிர்வீச்சு, இன்சுலின் சுரக்கும் சதையியைத் தாக்கலாம்.

அமெரிக்கா, கனடாவில் குணமடைந்தவர்களைத் தொடர்ந்து கண்காணித்துவரும் ஆய்வொன்றின் முடிவு 2009இல் வெளியானது. அவர்களுக்கு நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு உடன்பிறந்தவர்களைவிட 1.8 மடங்காக இருந்தது. வயிற்றில் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் இது 2.7 மடங்கு. என்பு மச்சை மாற்றுக்காக உடல் முழுவதும் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் 7.2 மடங்கு. உடல் பருமன் இல்லாதவர்களும் இதற்கு விலக்கல்ல.

டொக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத்தைப் பலவீனமாக்கக்கூடியவை. அவற்றைப் பெற்றவருக்கு உயர் குருதி அழுத்தமும் சேர்ந்தால் இதயச் செயலிழப்பு ஆபத்து பன்மடங்காகும்.

என்ன செய்யலாம்?

வயிற்றிலோ உடல் முழுவதுமோ கதிர்வீச்சு பெற்றவர்கள் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை குருதியில் சீனி, கொழுப்பு அளவுகளைப் பரிசோதிக்க வேண்டும் என வட அமெரிக்க வழிகாட்டல்கள் கூறுகின்றன. குருதி அழுத்தத்தை வருடந்தோறும் பார்ப்பது நல்லது. நம் நாட்டில் தொற்றா நோய்ப் பரிசோதனைகள் 35 வயதைக் கடந்தவர்களையே பிரதானமாகக் கருதுகின்றன. ஆகவே 22 வயது இளைஞர் ஒருவர் தனக்குச் சிறுவயதில் புற்றுநோய் இருந்ததைத் தானே சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியவரும்.

எந்த மருந்து, எவ்வளவு, எங்கே கதிர்வீச்சு என்ற விபரங்கள் இதற்கு அவசியம். யுத்தமும் இடப்பெயர்வும் பலரிடமிருந்து கிளினிக் கொப்பிகளையும் பறித்துவிட்டன. அவ்வாறானவர்கள், மகரகமவோ வேறெங்கோ, சிகிச்சை பெற்ற வைத்தியசாலையில் பதிவுகள் உள்ளனவா என்று விசாரிக்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால், அன்று கூடச் சென்ற தாயிடமோ தந்தையிடமோ கேட்டு, நினைவிலுள்ளதை இன்றே எழுதி வையுங்கள்.